ஏழு கை அம்மன்

அப்பாசாமியின் வீட்டுச் சுவரில் இருந்த அம்மனுக்குக் கைகள் ஏழு என்பதை அவ்வீட்டார் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. எட்டுக்கை அம்மன் ஆளும் கொல்லிமலையில் அம்மனுக்குக் கை எட்டு என்பது எண்ணிப் பார்க்க வேண்டாத செய்தி. விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள் திருமுகத்தைப் பார்ப்பார்கள், திருவடியைப் பார்ப்பார்கள். தெய்வத்தின் கைகளை யார் எண்ணுவார்?

எண்ணியவன் காரவள்ளி வெங்கிடுசாமி. அடிவாரத்தில் சொந்த நிலம் உழுது வாழும் குடியானவன். தை மாசியில் மலையேறி வந்து மிளகு கொள்முதல் செய்வான். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அப்பாசாமியின் மிளகுக் கொடிகள் பலா மரங்களைத் தழுவிச் செழித்திருந்தபடியால், ஆண்டுதோறும் அவன் முதலில் வந்து அமரும் வீடு அதுவே. அவ்வாண்டும் வந்தான். அப்பாசாமியின் மனைவி அத்தாயி வார்த்துக் கொடுத்த சாமைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, ஆண்டுதோறும் கண்டும் காணாதிருந்த சுவரை அன்று உற்றுப் பார்த்தவன், கலயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் படத்தின் முன் நின்றான்.

“ஏனுங்க, இது எங்க கெடச்சுது?”

“சேந்தமங்கலம் சந்தையில சீலை எடுத்தமுங்க. சீமைத் துணி. கட்டு மேல ஒட்டியிருந்துச்சு. சாமி படமாச்சேன்னு கேட்டேன், கடைக்காரர் உரிச்சுக் குடுத்தாரு,” என்றாள் அத்தாயி.

துணி ஆலைக்காரர்கள் தம் கட்டுகளின் மேல் ஒட்டி அனுப்பும் லேபிள் அது. கடல் கடந்த ஊரில், அன்னையை ஒருநாளும் வணங்கியிராத எவனோ அச்சிட்டது. ஆனாலும் குங்கும நிற முகமும், மயிற்கழுத்தின் நீலம் கொண்ட ஆடையும், பொன் ஓரமும் மங்காமல் இருந்தன. விரித்த உள்ளங்கைக்குச் சற்றே பெரிய அந்தத் தாள், மண்சுவரின் இருளில் ஒரு சிறு கோயிலைப்போல ஒளிர்ந்தது.

வெங்கிடுசாமி தாளைத் தொடாமல், காற்றில் விரலை நகர்த்தி எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

“அம்மாளுக்கு ஒரு கை இல்லீங்களே.”

“கண்ணுல பொரை வுழுந்துருச்சாட்ட இருக்குதுங்க உங்களுக்கு,” என்று சிரித்துக்கொண்டே அருகில் வந்த அத்தாயி தானும் எண்ணினாள். இடப்புறம் கேடயம், பாசம், மணி, கபாலம். வலப்புறம் சூலம், வாள், உடுக்கை. வலப்புறத்து முன்கை இருக்க வேண்டிய இடத்தில் மாலையின் வளைவு மட்டுமே இருந்தது. படைக்கலம் ஏந்திய கைகள் யாவும் இருந்தன. எந்தக் கையை விரித்து உயர்த்தி அன்னை ‘அஞ்சேல்’ என்று அருள்வாளோ, அந்தக் கை இல்லை.

அவள் சிரிப்பு நின்றது. பெயர் வைக்குமுன் போய்விட்ட பெண் குழந்தை நினைவுக்கு வந்தது. பாறையிடுக்கில் விழுந்து கால் ஒடிந்த எருது நினைவுக்கு வந்தது. அந்நாள்களிலெல்லாம் இந்தத் தாளின் முன் நின்று, அஞ்சேல் என்று சொல்லம்மா என்று அழுதிருக்கிறாள். சொல்லுவதற்குக் கையில்லாத ஒருத்தியிடம் அழுதிருக்கிறாள்.

அவளுடைய அச்சம் அப்போது தெய்வத்தைப் பற்றியதாக மட்டும் இருந்தது. மனிதரைப் பற்றிய அச்சம் அடுத்த பேச்சில் வந்தது.

“சேலத்துல அர்த்தனாரின்னு ஒரு முதலாளி,” என்றான் வெங்கிடுசாமி, அப்பொழுதுதான் வீட்டுக்குள் நுழைந்த அப்பாசாமியைப் பார்த்து. “துணி லேபிளாத் தேடித் தேடிச் சேர்க்கறாருங்க. அவருக்கு அதே வேலை. இந்த ஏழு கைக்கு ஆளு விட்டுத் தேடறாரு. ஒரு ஜோடி நல்ல உழவு மாடு வாங்கலாம், அவ்வளவு குடுப்பாரு.”

“கடுதாசிக்கா?”

“கடுதாசிக்குத்தான்.”

“அப்ப எட்டுக் கை இருந்தா இன்னும் கூடக் கெடைக்குமா?”

“எட்டுக் கை இருந்தா ஒரு வெத்தலைகூடக் கெடைக்காதுங்க. அது மூட்டை மூட்டையா வந்துச்சு, சவரக் கடையில எல்லாம் ஒட்டி வச்சிருக்கான். ஒரே ஒரு தடவ அச்சுல கை வுட்டுப்போச்சு. சேலத்து வியாபாரிங்க பாத்தாங்க, அபசகுனம்னு கடை வாசல்லயே போட்டுக் கொளுத்திட்டாங்க. அதுக்கு முந்தியே சந்தைக்கு வந்துட்ட நாலஞ்சு கட்டுதான் மிச்சம். அதுலயும் சீலைய எடுத்துட்டுத் தாளைக் கிழிச்சுப் போட்டவங்கதான் அதிகம். முதலாளிகிட்ட ஒண்ணு இருக்குது. நாமக்கல் வக்கீல் ஒருத்தரு அதைக் கேட்டுக் கேட்டு அலையறாரு. அவரு கேக்கக் கேக்க இவருக்கு வெறி ஏறுது.”

குறையில்லாத அன்னையைக் கேட்பாரில்லை, குறைப்பட்ட அன்னைக்கு உழவு மாடு விலை என்பது அத்தாயிக்கு விளங்கவில்லை. அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை ஆண்டுகளில் அவன் அதை அவ்வாறு பார்த்ததில்லை. தன் நகையால் ஆடவரை அருகிழுத்து உயிர் கவரும் பாவை ஒருத்தி இம்மலையில் உறைகிறாள் என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாவையின் சிரிப்பைக் கேட்டவனைப்போல அப்பாசாமி நின்றான்.

வெங்கிடுசாமி மலையிறங்கிய பிறகு வீட்டில் உறக்கம் குறைந்தது. மூங்கில் தட்டியை இழுத்துச் சாத்தினால் போதும் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். அப்பாசாமி காட்டிலிருந்து கனத்த மரமொன்றை வெட்டி வந்து உட்புறம் குறுக்கே போட்டான். படத்தின் கீழேயே பாய் விரித்தான். நாய் குரைத்தால் எழுந்தான். நாய் குரைக்காவிட்டால், ஏன் குரைக்கவில்லை என்று எழுந்தான். கொடியில் மிளகு பழுத்துச் சிவந்து உதிர்ந்தது. குருவிகள் தின்றன. அவன் பறிக்கப் போகவில்லை.

“மொளகு கொட்டுதுங்க,” என்றாள் அத்தாயி.

“கொட்டட்டும். நான் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் யாரு இருக்கறது?”

“நான் இருக்கறேனே.”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். தன்னையும் அவன் நம்பவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

அப்பாசாமியின் தம்பி சின்னராசு பக்கத்து வீட்டில் இருந்தான். ஒரே கேணியில் நீர் எடுத்து, ஒரே களத்தில் சாமை அடித்து, பண்டிகைக்கு ஒரே அடுப்பில் பொங்கல் வைத்து வாழ்ந்த இரண்டு வீடுகள் அவை. செய்தி அவனுக்கு எட்டிய அன்றே வந்தான். வாசலில் நின்றுகொண்டு, செருமிவிட்டுச் சொன்னான்.

“அண்ணா, அந்தச் சீலை எடுத்தப்ப நாம பங்கு பிரிக்கல.”

“அதுக்கு?”

“பொதுக் காசுல எடுத்த சீலை. ஒட்டி வந்த படமும் பொதுதான்.”

“சீலை கட்டுனது உங்க அண்ணி. கிழிஞ்சு போச்சு. வேணும்னா கரித்துணி கெடக்குது, பாதி எடுத்துக்க.”

“கேலி பண்ணாத. படத்துல பாதி எனக்கு.”

“பாதி வெட்டிக் குடுத்தா உனக்கு எத்தனை கை வேணும்? மூணா, நாலா?”

இது சிரிப்பதற்குரிய பேச்சாகவே முதல் நாள் இருந்தது. நாளடைவில் சிரிப்பு கழன்றுபோயிற்று. சின்னராசு வேலிக்கு அப்பால் நின்று மணிக்கணக்காக இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்பாசாமி இப்பால் கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருப்பான். வாள் கல்லில் உரசும் ஓசை அத்தாயியின் பல்லில் கூசியது. கேணிக்குப் போன இடத்தில் ஒருநாள் சின்னராசு அவளை மறித்தான்.

“அண்ணி, உங்களுக்குச் சொல்லி வைக்கறேன். எனக்குத் தெரியாம அந்தப் படம் மலையெறங்குனா, அது கூடவே ஒரு உசிரும் எறங்கும்.”

“யாரு உசிரு தம்பி?”

அவன் உதடு நடுங்குவதை அவள் கண்டாள். இன்னாரைக் கொல்வேன் என்று துணிந்தவன் அல்லன் அவன்; எது நேர்ந்தாலும் நேரட்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டவன். அதுவே அவளை மிகுதியும் நடுங்கச் செய்தது. துணிந்தவனைத் தடுக்கலாம். அஞ்சுகிற இருவர் கையில் இரும்பு இருந்தால் எவர் முதலில் வீசுவார் என்பது அவர்களுக்கே தெரியாது.

அம்மனின் கோயிலில் படத்தைக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றாள் கணவனிடம். அவன் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டலாம் என்றாள். கூட்டினால் பங்கு கேட்பவர் தொகை கூடும் என்றான் அவன். அதுவும் உண்மைதான், அவர்களுடைய பங்காளிகள் ஏற்கெனவே அந்த வழியாகப் போகும்போது காரணமில்லாமல் உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

இந்நிலையில் வெங்கிடுசாமி ஆள் அனுப்பினான். வெள்ளிக்கிழமை அர்த்தனாரி முதலாளியே மலையேறி வருகிறார். படத்தைக் கண்ணால் பார்த்துக் கையோடு விலை கொடுத்து வாங்கிப் போவார்.

செய்தி வந்த கணமே வேலிக்கு அப்பாலும் தீட்டும் ஓசை தொடங்கிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மலை முழுதும் பனி மூடி, பலா மரங்கள் தலையில்லாத ஆள்களைப்போல நின்றன. விருந்தாளியைப் பாதையில் முந்திப்போய்ச் சின்னராசு சந்தித்துவிடுவான் என்ற ஐயத்தில், அப்பாசாமி பாதை தெரியும் மேட்டுக்குப் போனான். போகுமுன், “நான் வார வரைக்கும் தட்டியத் தொறக்காத. தம்பி வந்தாலும் தொறக்காத,” என்று சொல்லிப் போனான். உடன்பிறந்தவனுக்குத் திறக்காதே என்ற சொல் அந்த வீட்டில் அதற்குமுன் சொல்லப்பட்டதில்லை.

அத்தாயி குறுக்கு மரத்தைப் போட்டாள். விளக்கை ஏற்றினாள். நீராடிய ஈரத்தலையோடு படத்தின் முன் அமர்ந்தாள்.

ஏதேனும் ஒரு செயலைத் தொடங்குமுன் அம்மனிடம் பூக்கேட்பது அவர்கள் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து, அன்னையின் முன் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கைவிட வேண்டும். அத்தாயி இரண்டு பூக்களையும் பறித்து வந்திருந்தாள். இலையில் மடிக்கவும் மடித்துவிட்டாள். ஆனால் குலுக்கிப் போட அஞ்சினாள். வேண்டாம் என்று அன்னை சொல்லிவிட்டால் அதன்பின் தன் கை நீளாது. கை நீளாவிட்டால் இன்று பொழுது சாயுமுன் இந்த வாசலில் ஒருவன் விழுவான். மடித்த இலைகளை மடிக்காதவைபோலவே ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

விளக்குப் புகையை ஓட்டில் பிடித்து எடுத்த கரியில் ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்தாள். மஞ்சளை இழைத்தாள். வேப்பங்குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கினாள். கோலத்தைத் தவிர எதையும் அவள் வரைந்தவள் அல்லள். கை எப்படி இருக்கும் என்றே அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று. வலக்கையில் குச்சி இருந்தபடியால், இடக்கையை விளக்கின் எதிரே விரித்துப் பிடித்து அதைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து, மாலையின் வளைவுக்குமேல் ஒரு கையைத் தீட்டினாள்.

“குத்தமா இருந்தா எம்மேல வை தாயி. அவுங்க ரெண்டு பேரையும் வுட்டுரு,” என்று ஒவ்வொரு விரலுக்கும் சொன்னாள்.

கோலத்துக்கே பழகிய விரலில் கோடு கோணியது. கரி ஓரிடத்தில் வழிந்தது. எண்ணெய் தாளில் பரவி, அன்னையின் நீல ஆடையில் ஒரு நிழல் விழுந்தது. முடிந்ததும் குச்சியைத் தீயில் போட்டாள். அன்னையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் இயலவில்லை.

நடுப்பகலில் டோலி வந்தது. நான்கு ஆள்கள் மூச்சிரைக்கச் சுமந்து வந்த அதிலிருந்து ஒடிசலான, வெளுத்த ஒரு மனிதர் இறங்கினார். மலைப்பாதையின் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து அவர் கண்கள் மிரண்டிருந்தன. ஒரு தோல் பையை மார்போடு அணைத்திருந்தார். முன்னே வெங்கிடுசாமி. ஒருபுறம் அப்பாசாமி, மறுபுறம் சின்னராசு. இருவர் இடுப்பிலும் கொடுவாள் செருகியிருந்தது. ஒருவரை ஒருவர் பாராமலே ஒருவர் அடியை ஒருவர் அளந்து நடந்து வந்தார்கள்.

“இவங்க ரெண்டு பேரும் எதுக்கு ஆயுதத்தோட வராங்க?” என்று அர்த்தனாரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

“காட்டு வேலைக்காரங்க முதலாளி, அப்படித்தான்,” என்றான் வெங்கிடுசாமி. அவன் குரலும் சரியாக இல்லை.

உள்ளே வந்ததும் அர்த்தனாரி வேறு ஆளாகிவிட்டார். மிரட்சி போய்விட்டது. பையைத் திறந்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்திருந்த தம்முடைய லேபிளை எடுத்தார். அதே முகம், அதே நீலம், அதே ஏழு கைகள். சுவரில் இருந்த படத்தை வெங்கிடுசாமி எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தான்.

அத்தாயி தட்டியோரத்தில், சுவரோடு சுவராக நின்றாள்.

“என்னப்பா இது,” என்றார் அர்த்தனாரி.

வெங்கிடுசாமி குனிந்து பார்த்தான். “ஏழுதாங்க இருந்துச்சு. நான் எண்ணுனேனுங்க.”

“எட்டாவது ஒண்ணு மொளச்சிருக்குதே. இது கையா, இஞ்சிக் கிழங்கா? கட்டை விரல் வேற அந்தப் பக்கம் போயிருக்குது. யாரு போட்டது?”

“நான்தானுங்க,” என்றாள் அத்தாயி.

அப்பாசாமி திரும்பினான். அவன் முகத்தில் சினம் இன்னும் வரவில்லை. கேட்டது பொருளாகும் வரையில் அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அர்த்தனாரி நகத்தால் தாளின் ஓரத்தைத் தடவி மோந்து பார்த்தார்.

“எண்ணெய். தாள் குடிச்சிருச்சு. தொடைச்சாலும் போகாது. ஏம்மா இப்படிப் பண்ணுன?”

“அஞ்சாதேன்னு சொல்ற கை இல்லாம இருந்துச்சுங்க. இந்த ஊட்டுல எல்லாரும் பயந்துக்கிட்டே இருக்கறாங்க.” பிறகு, தன்னை அறியாமல் கேட்டாள்: “உங்க ஊட்டுல இவளுக்கு வெளக்கு வைப்பீங்களா?”

அர்த்தனாரி சிரித்தார். கொடுமையான சிரிப்பன்று, பெரும் பாரம் இறங்கியவருடைய சிரிப்பு அது.

“உங்கிட்டப் பொய் எதுக்கு. விலை குடுத்து வாங்கி இங்கயே, இந்த வாசல்லயே கொளுத்தியிருப்பேன். இதோட மூணாவது. மத்த ரெண்டையும் அப்படித்தான் முடிச்சேன். வெங்கிடுசாமி பாத்திருக்கான்.”

“கொளுத்தவா மலையேறி வந்தீங்க?” என்றான் சின்னராசு.

“தம்பி, ரெண்டு இருந்தா ஒண்ணுக்கொண்ணு பகை. இன்னொருத்தன்கிட்ட இருக்குதுன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்காது. வக்கீல் இதை வாங்கிட்டா எங்கிட்ட இருக்கறது பாதிப் பெறாது. ஒண்ணே ஒண்ணுன்னு ஆயிட்டா, அதுக்கு விலை நான் சொல்றதுதான்.” அவர் கண்ணாடித் தகடுகளை மறுபடியும் பைக்குள் வைத்துப் பட்டையை இறுக்கினார். “இந்த அம்மா எனக்குச் செலவு வைக்காம வேலைய முடிச்சுட்டாங்க. இது இனி ஏழு கை இல்ல, எட்டுக் கையும் இல்ல. யாரும் சீந்த மாட்டாங்க. நீங்களே வச்சுக் கும்பிடுங்க.”

தெய்வத்தை எரித்ததை இவ்வளவு அமைதியாகச் சொன்ன ஒருவரை அத்தாயி கண்டதில்லை. தான் பூக்கேட்காமல் செய்த குற்றம் அவர் செய்ததன்முன் எவ்வளவு சிறிது என்று எண்ணவும் அஞ்சினாள். அளந்து பார்க்கும் வேலை அன்னைக்கு உரியது.

அப்போதுதான் அப்பாசாமிக்குச் சினம் வந்தது. உழவு மாடு போயிற்று, உதிர்ந்த மிளகும் போயிற்று. அவன் பாய்ந்து வெங்கிடுசாமியின் கையிலிருந்த படத்தைப் பறித்தான். கிழிப்பதற்காக இரு கைகளாலும் பற்றினான். சின்னராசு எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். இருவரும் திமிறினார்கள். கொடுவாளின் பிடி ஒன்று சுவரில் இடித்து மண் உதிர்ந்தது. அத்தாயி கண்களை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் எதற்கு நடுங்கினாளோ அது வந்துவிட்டது.

“வுடுண்ணா,” என்று சின்னராசுவின் குரல் கேட்டது. “வுடு. அண்ணி போட்ட கை.”

கண் திறந்தாள். அவன் அண்ணனின் மணிக்கட்டை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்திருந்தது; விழப்போகிறவனைப் பிடிப்பதுபோல இருந்தது. “இனி இது யாருக்கும் வேண்டாம். கிழிக்கறதுக்கு என்ன இருக்குது. உம் மொகத்தப் பாத்தாவே எனக்குப் பயமா இருந்துச்சுண்ணா, இத்தனை நாளா.”

அப்பாசாமி படத்தைத் தாழ்த்தினான். பிறகு, “எனக்கு மட்டும் இல்லையா?” என்றான்.

இருவர் மூச்சும் அடங்கிய பிறகும் அவன் மனைவியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. படத்தை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் மன்னித்தானா என்று அன்று அவளுக்குத் தெரியவில்லை. உயிரோடு இருந்தான், அவன் தம்பியும் உயிரோடு இருந்தான்.

டோலிக்காரர்களுக்கு மோர் கொடுக்க அவள் வெளியே வந்தபோது அர்த்தனாரி புறப்பட்டுக்கொண்டிருந்தார். பனி மறுபடியும் பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. டோலியில் அமர்ந்தவர் பையை மடியில் வைத்தார். மனம் கேளாமல் அங்கவஸ்திரத்தால் மூடினார். மூடியதும் ஒளித்திருப்பது தெரியும் என்று நினைத்தவர்போல மறுபடியும் விலக்கினார். சுமக்கும் நான்கு ஆள்களின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“வெங்கிடுசாமி.”

“சொல்லுங்க முதலாளி.”

“இனி உலகத்துல இது ஒண்ணுதான்.”

“ஆமாங்க.”

“மலைக்குக் கீழ இது தெரிஞ்சவங்க நீயும் நானும் மட்டுந்தான்.”

வெங்கிடுசாமி டோலிக்குப் பின்னால் வந்து நின்றான். வாசலுக்குக் கீழேயே பாதை குறுகி, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பாதாளமுமாகச் சரியத் தொடங்கும். எப்போதும் டோலிக்குப் பின்னால் நடப்பதே அவன் வழக்கம்.

“நீ முன்னால நட,” என்றார் அர்த்தனாரி. “எங் கண்ணுக்குத் தெரியற மாதிரி நட.”

அவன் முன்னால் போனான். பிடரியில் பார்வை விழுவதை உணர்ந்தவனைப்போலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு நடந்தான். பனி அவர்களை மூடும் வரையில் அத்தாயி மோர்க்கலயத்தோடு அங்கேயே நின்றாள். சுமப்பவர்களுள் ஒருவன் தோள் மாற்றுவதற்காக டோலியைச் சற்றே தாழ்த்தினான் போலும். கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, “யாரு, யாரு அது,” என்று அவர் குரல் எழும்பி மலையில் பட்டுத் திரும்பியது.